கையெழுத்துப் போட ஒரு ஆள்

ஆம்பூர்
15.6.2008

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பிரிஸ்கில்லா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே வேலைக்குப் போய்வரும் அளவுக்குச் சுகம். உங்கள் உடம்பு எப்படி? கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறீர்களா?

கீழ் வீட்டு ஹலீமா பீயின் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டேன். "யாரு? யாருங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். ஒர்க்‌ஷாப் சம்மட்டிச் சத்தத்தில் உங்கள் காது போன பிறகு நமக்குக் கடிதம்தான் சரி. இது போனில் கத்திச் சொல்லுகிற விஷயமும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்தவள் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். ஹலீமா பீ ஏதோ கொடுக்க மாடியேறி வந்திருக்கிறார்கள். குறட்டை பலமாகக் கேட்டதாம். திடீரென்று நின்றுவிட்டதாம். பிறகு மூச்சே இல்லை. தோளைப் பிடித்து உலுக்கி என்னை எழுப்பிவிட்டு அவர்களே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னா பிரிசி, தூங்கறியா, இல்ல மூச்சையே வுட்டுட்டியா? என் உசுரே போய்டுச்சு!" என்றார்கள்.

அவர்கள் இழுத்துக்கொண்டு போனதால்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நூற்று இருபத்தாறு கிலோ இருக்கிறேன். சர்க்கரையும் உண்டு. கம்பெனி எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண் செருகுவதை எல்லோரும் சோம்பேறித்தனம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற வியாதியாம் அது. எடை குறைந்தால்தான் தீரும் என்கிறார் டாக்டர் சுந்தரமூர்த்தி. நான் பட்டினி கிடந்து குறைப்பதும் திரும்ப ஏறுவதும் உங்களுக்குத் தெரிந்த கதைதானே. இரைப்பையைச் சிறியதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். உடனே இல்லை. பல மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உடம்பையும் மனதையும் தயார் செய்ய வேண்டும்.

செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன் அண்ணா. உங்களிடம் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பதில் எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
பிரிஸ்கில்லா


அரக்கோணம்
2.7.2008

அன்புத் தங்கைக்கு அண்ணன் கிருபானந்தத்தின் ஆசீர்வாதம். நான் சுகம். கண் பரவாயில்லை.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல மழை. ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீ எழுதிய விஷயத்துக்கு இவ்வளவு அவசரம் ஏன்? கொள்ளு ஊறவைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் ஊளைச்சதை கரையும் என்று ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தர் சொன்னார். அவருடைய மச்சினிக்கு ஆறே மாதத்தில் குறைந்ததாம். தெரிந்தவர் ஒருவர் அந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் இரண்டு கிலோ கொள்ளு கொடுத்தனுப்புகிறேன். ராத்திரிச் சோற்றை நிறுத்து. மாடிப்படி ஏறு, இறங்கு. டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிருபானந்தம்


ஆம்பூர்
17.8.2008

அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் நலத்துக்காக ஜெபிக்கிறேன். கொள்ளு வந்தது. ஹலீமா பீக்குப் பாதி கொடுத்தேன், ரசம் வைத்து எனக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேலூரில் எங்களுக்கு வகுப்பு நடக்கிறது. வரிசையில் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் வருவோம். நாற்காலிகள் எல்லாம் கை இல்லாத அகல நாற்காலிகள். அதைப் பார்த்ததுமே எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. பேரணாம்பட்டில் தோல் வியாபாரம் செய்கிற ஷபீ அஹமது என்று ஒருவர் வருகிறார். "மேடம், நம்ம ரெண்டு பேரையும் நிறுக்கணும்னா லாரி நிறுக்கற எடை மேடதான் வேணும்" என்று முதல் நாளே சிரிக்கவைத்தார். மனம் நோகாதபடி ஒருவர் கேலி செய்ய, நானும் சேர்ந்து சிரித்தது வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தருகிற பெண் சின்ன வயது, ஆனால் கண்டிப்பு. ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித்தான் சாப்பிட முடியுமாம், அதனால் இப்போதே பழக்கம். தட்டில் கை வைப்பதற்கு முன்னால், "இது பசியா, வேற எதுனாவா?" என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். கேட்டுப் பார்த்தேன். மத்தியானம் வருவது பசிதான். சாயந்திரம் கம்பெனி விட்டு வந்து, பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டதும் வருகிறதே, அது பசி இல்லை அண்ணா. அது என்னவென்று அவளிடம் சொல்ல எனக்கு வரவில்லை.

காலையில் ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரத்தில் நடக்கிறேன். ரோட்டில் நடந்தால் பையன்கள் பார்க்கிறார்கள். பிளாட்பாரத்தில் எல்லோருக்கும் அவரவர் வண்டிதான் கவலை. முதல் வாரம் தண்ணீர்க் குழாய்வரை போய் உட்கார்ந்தேன். இப்போது கடைசிவரை போய்த் திரும்புகிறேன். மூச்சுப் பயிற்சிக்குப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்திருக்கிறார்கள். உள்ளே மூன்று பந்து. குழாயில் மூச்சை இழுத்தால் பந்து எழும்ப வேண்டும். எனக்கு ஒன்றுதான் எழும்புகிறது. மயக்க மருந்துக்கு நுரையீரல் திடமாக இருக்க வேண்டுமாம்.

ஒன்று கேட்க வேண்டும். ஆபரேஷனன்று குடும்பத்து ஆள் ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். அண்ணிக்கு நீங்கள் போட்ட கையெழுத்தை நான் மறக்கவில்லை. விஜயகுமாரி அண்ணி தியேட்டருக்குள் போனவர்கள் போனவர்கள்தான். அதற்குப் பிறகு நீங்கள் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறவில்லை என்றும் தெரியும். ஆனால் எனக்குப் புருஷனா, பிள்ளையா? உங்களைவிட்டால் யார்? யோசித்து எழுதுங்கள்.

பிரிஸ்கில்லா


அரக்கோணம்
9.10.2008

அன்புத் தங்கைக்கு, நலம், நலமே விரும்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஆய்வு, வேலை ஜாஸ்தி.

கூரையைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது ஒழுகவில்லை. பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது, நாலு குட்டி. ஒன்று நம் வாசலிலேயே படுத்துக்கொள்கிறது. துரத்தினால் போக மாட்டேன் என்கிறது.

நீ பிளாட்பாரத்தில் நடப்பது நல்லது. வண்டி வரும்போது ஓரத்தில் நிற்காதே. நடந்தே இவ்வளவு தெம்பு வந்திருக்கிறதே, இதையே விடாமல் செய்தால் மற்றது எதுவும் தேவைப்படாது என்று எனக்குத் தோன்றுகிறது. யோசித்துப் பார்.

வேறு விசேஷம் இல்லை.

கிருபானந்தம்


ஆம்பூர்
6.11.2008

அன்புள்ள அண்ணனுக்கு, கர்த்தர் உங்களைச் சுகமாய் வைத்திருப்பாராக.

நாய்க்குட்டி வரை எழுதியிருந்தீர்கள். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. சரி. இன்னொரு தடவை கேட்க மாட்டேன்.

எனக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரி இரண்டாவது வாரம். ஷபீ பாய்க்கு அதற்கு முன்னாலேயே, ஜனவரியில். நாலு கிலோ குறைந்திருக்கிறேன். இரண்டு பந்து எழும்புகிறது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுத் தூங்கி எழுந்த முதல் நாள், விடிந்த பிறகு உலகமே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கம்பெனியில் ஒரு தடவைகூடக் கண் செருகவில்லை. சூப்பர்வைசர் முனீர் அகமது வந்து, "இன்னா மேடம், இன்னிக்கி புதுசா கீறீங்க?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை செக்‌ஷனில் ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்காக எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். வாசனை படியேறி வந்தது. நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவைத்தேன். பெரிய காரியம் இல்லைதான். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

பிரிஸ்கில்லா


அரக்கோணம்
18.12.2008

அன்புத் தங்கைக்குக் கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். நான் சுகம்.

லீவு கிடைக்கவில்லை, பண்டிகைக்கு வர முடியாது. தெரிந்தவர் மூலமாக கேக்கும் முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நல்ல நாளில் மனதை ஒடுக்கிக்கொண்டு இருக்காதே. ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

கிருபானந்தம்


அரக்கோணம்
30.1.2009

அன்புத் தங்கைக்கு, சுகமா? பண்டிகைக்கு அனுப்பியது கிடைத்ததா என்றுகூட எழுதவில்லையே. கோபமா? பிப்ரவரி வருகிறது. ஒரு வரியாவது எழுது.

கிருபானந்தம்


ஆம்பூர்
22.2.2009

அன்புள்ள அண்ணனுக்கு, உங்களைக் கவலைப்பட வைத்துவிட்டேன். உயிரோடு இருக்கிறேன்.

நாள் போய்விட்டது. ஆபரேஷன் நடக்கவில்லை. சர்க்கரை ஏறியிருக்கிறது, குறைந்த நாலு கிலோவும் திரும்பி வந்து கூட ஒன்றையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டது. "இப்படியே மேசையில ஏத்த மாட்டேம்மா. ஒங்களுக்கு ஆவாது" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிறிஸ்மஸ் அன்று சர்ச்சிலிருந்து வந்து பூட்டைத் திறந்தேன். மேசைமேல் நீங்கள் அனுப்பிய டப்பா. ஒரு துண்டு என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது டப்பாவில் பேப்பர்தான் இருந்தது. அது பரவாயில்லை, ஒரு நாள்தானே. மறுநாள் நடக்கப் போயிருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை. அதற்கு மறுநாள் போக வெட்கமாக இருந்தது. ஜனவரி வகுப்புக்கும் போகவில்லை. பிறகு போகிற எண்ணமே வரவில்லை. மூச்சுப் பந்து டப்பாவை அலமாரியில் துணிக்குப் பின்னால் வைத்தேன்.

ஷபீ பாய் இன்னும் வார்டில்தான் இருக்கிறார். வேறு செய்தி இல்லை.

ஹலீமா பீ தினமும் கதவைத் தட்டுகிறார்கள். "வா, ரெண்டு பேரும் நடக்கலாம். எனுக்கும் முட்டி வலிதான்" என்கிறார்கள். இன்று போனோம். தண்ணீர்க் குழாய்வரை.

ஆபரேஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது. நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது.

பிரிஸ்கில்லா


அரக்கோணம்
11.3.2009

அன்புத் தங்கை பிரிசிக்கு, கர்த்தர் உன் உள்ளத்துக்குத் தெம்பு தருவாராக.

உன் கடிதத்தில் ஷபீ பாயைப் பற்றி ஒரே வரி. ஆகஸ்டில் அவர் சொன்ன வேடிக்கையை அப்படியே எழுதியிருந்தாய். ஜனவரியில் ஆபரேஷன் ஆனவர் பிப்ரவரி முடிகிறவரை ஏன் வார்டில் இருக்கிறார்? இதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூர் போனேன். உன்னிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் வெகுநேரம் நின்றேன். ஒரு டீ குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். திரும்பிவிடலாம் என்று பஸ் ஸ்டாப்வரை போய், மறுபடி வந்தேன். உள்ளே அந்த டெட்டால் வாசனை அடித்தது. சுவரோரமாகவே நடந்தேன்.

டாக்டர் சுந்தரமூர்த்தியிடம் ஒரு காகிதத்தை நீட்டினேன். "எனக்குக் காது கேட்காது. ஆம்பூர் பிரிஸ்கில்லாவின் அண்ணன். எழுதிக் காட்டினால் படித்துக்கொள்வேன்" என்று பெரிதாக எழுதியிருந்தேன். மனிதர் பேனாவை எடுத்து, தன் நாற்காலியை என் பக்கம் போட்டுக்கொண்டார். அவள் பிழைப்பாளா என்று கேட்டேன். "பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாக முடிகிறது. உங்கள் தங்கைக்கு நிச்சயம் என்று எழுதித் தர என்னால் முடியாது" என்று எழுதினார். செய்யாமல் விட்டால் என்று கேட்டேன். "அதற்கும் நிச்சயம் தர முடியாது. அது இதைவிட மோசம்" என்று எழுதினார். நான் சண்டை போடத்தான் போயிருந்தேன். பொய் சொல்லாத ஆளிடம் என்ன சண்டை போடுவது?

பிறகு வார்டுக்குப் போய் ஷபீ பாயைத் தேடிப் பிடித்தேன். இளைத்து, கன்னம் ஒட்டி, ஆனால் உட்கார்ந்திருந்தார். என் காதில் வாயை வைத்துக் கத்தினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உள்ள தையல் ஒரு எடத்துல வுட்டுட்ச்சி பாய். மறுபடி ஆபரேசன் பண்ணாங்க. ரொம்ப பேஜாராய்ட்டேன். இப்ப பரவால்ல, அடுத்த வாரம் வூட்டுக்கு." மறுபடி முதலிலிருந்து என்றால் செய்துகொள்வீர்களா என்று கேட்டேன். "செஞ்சுக்குவேன். எம் பொண்ணு சின்னது. அத தூக்கிக்கினு மாடி ஏறணும் எனுக்கு" என்றார். பிறகு, "தங்கச்சி ஏன் வர்றதில்ல? என்னெப் பாத்து பயந்துட்ச்சா? நட நடன்னு எங்கள விரட்டுனதே அதான். வரச் சொல்லுங்க" என்றார்.

நீ பயந்துபோய்த்தான் நின்றாய் என்று அப்போது தெரிந்தது. கேக் மட்டும் இல்லை. நான் பயப்படுவேன் என்று உன் பயத்தையும் என்னிடம் மறைத்திருக்கிறாய்.

நீ ஆகஸ்டில் கேட்டதற்குப் பதில் இது. நான் வருகிறேன். கையெழுத்துப் போடுகிறேன். வேண்டாம் என்று நீயே முடிவு செய்தால் அதுவும் சரி, ஆனால் எனக்காக வேண்டாம் என்று சொல்லாதே.

துணிக்குப் பின்னால் வைத்ததை எடு.

உன் அண்ணன்,
கிருபானந்தம்


ஆம்பூர்
19.4.2009

அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் கடிதத்தை ஹலீமா பீக்குப் படித்துக் காட்டினேன். டீக்கடை வந்ததும் அழுதார்கள், ஷபீ பாய் கத்தியது வந்ததும் சிரித்தார்கள்.

மறு சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மறுபடி நடக்கிறேன். ஒரு நாள் தவறினால் மறுநாள் போய்விடுகிறேன், வெட்கத்தைப் பார்ப்பதில்லை. சாயந்திரம் பூட்டைத் திறந்ததும் கீழே ஹலீமா பீ வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவர்கள் கீரை ஆய்ந்தால் நானும் ஆய்கிறேன். அந்தப் பசி வந்துவிட்டுப் போய்விடுகிறது. வராமல் இல்லை.

சர்க்கரை இறங்கிவிட்டது. மே 12 என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் வெறும் திரவம்தான். கல்லீரல் சுருங்க வேண்டுமாம். மோர், பருப்புத் தண்ணீர், புரத மாவு கரைத்த பால். நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

பயம் இருக்கிறது அண்ணா. இந்த முறை மறைக்கவில்லை. முந்தின நாளே வந்துவிடுங்கள்.

பிரிஸ்கில்லா


ஆம்பூர்
7.6.2009

அன்புள்ள அண்ணனுக்கு, வீட்டுக்கு வந்து நன்றாக இருக்கிறேன். தையல் ஆறிவிட்டது. சின்னக் கிண்ணத்தில் கால்வாசிக் கஞ்சி, அதற்கே வயிறு நிரம்பிவிடுகிறது. முதல் வாரம் குமட்டலில், ஏன் செய்துகொண்டோம் என்று ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இப்போது அது இல்லை. நேற்று ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினேன். நடுவில் ஒரு தடவை நின்றேன், அவ்வளவுதான். பத்து கிலோவுக்கு மேல் இறங்கியிருக்கிறது. இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

எனக்கு நினைவு வந்தபோது நீங்கள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தீர்கள். என் கையைப் பிடித்திருந்தீர்கள். நான் ஏதோ கேட்டேன், நீங்கள் பேசவே இல்லை. ஊருக்குப் போகும்போதும் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஹலீமா பீயிடம் கேட்டால், "நா தொழுவப் போய்ட்டேன், வந்து பாத்தா ஒங்க அண்ணன் கொழந்த மாரி அழுவறாரு. எனுக்கு இன்னா தெரியும், அவரையே கேளு" என்கிறார்கள்.

கேட்கிறேன். அன்றைக்கு வெளியே என்ன நடந்தது?

பிரிஸ்கில்லா


அரக்கோணம்
14.6.2009

அன்புத் தங்கை பிரிசிக்கு, நீ மேம்பாலம் ஏறியதை ஒர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

கேட்டாய், சொல்கிறேன். விஜயா போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

காலையில் உன்னை உள்ளே கொண்டுபோனதும் ஒரு நர்ஸ் காகிதத்தை நீட்டினாள். பேனாவை வாங்கினேன். விரல் மடங்கவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை, பக்கத்திலேயே நின்றாள். மேலே உன் பெயர் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விஜயாவின் பெயர் இல்லை, உன் பெயர்தான் என்று நிச்சயம் செய்துகொண்டு என் பெயரை எழுதினேன்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு ஒன்றும் கேட்காது என்பதால் ஹலீமா பீ எனக்காகவும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் அவர்கள் தொழப் போனார்கள். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறக்கவில்லை.

பின்னாலிருந்து யாரோ என் தோளில் கை வைத்தார்கள்.

விஜயா போன அன்றைக்கும் இப்படித்தான். தோளில் ஒரு கை. திரும்பினேன். டாக்டரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் இந்தத் தடவை நான் திரும்பவில்லை பிரிசி. தலையைக் குனிந்து என் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். திரும்பாமல் இருக்கிறவரை உனக்கு ஒன்றும் ஆகாது என்று எண்ணினேன்.

அந்தக் கை எடுக்காமல் அங்கேயே இருந்தது. பிறகு ஒரு ஜோடி கால் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்தது. காலையில் காகிதம் கொடுத்த அதே பெண். எனக்கு நேராகத் தரையில் குந்தினாள். முகத்தில் கட்டியிருந்த துணியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கஞ்சியை மெதுவாகக் குடி.

உன் அண்ணன்,
கிருபானந்தம்